மங்கு, வெயில் கருமை, ஒரே நிற முகம்: எதை நிறுத்துவது, எதைச் சேர்ப்பது?

தென்றல்_இலை:
இரண்டு கன்ன மேட்டிலும் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் பழுப்புத் திட்டு, மேலுதட்டுக்கு மேலே லேசான நிழல். காலையில் எஸ்.பி.எஃப் (வெயில் காப்பு எண்) 50 சன்ஸ்கிரீன், அதற்கு மேல் வைட்டமின் சி சீரம். இரவில் தோலின் மேல்படலத்தை உரிக்கும் கிளைகாலிக் அமிலமும், வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலும். மாதக்கணக்காகியும் திட்டு அப்படியே இருக்கிறது, இப்போது மூக்கோரம் எரிச்சல் வேறு. வேலை முழுக்க ஜன்னலோரம்தான், வெளியே அதிகம் போவதில்லை. படங்களில் எல்லார் முகமும் பளிங்கு மாதிரி இருக்கிறதே, அந்த நிலைக்கு வர எதை மாற்ற வேண்டும்?

கற்றாழை:
இரு பக்கமும் ஒத்த வடிவம், கூடவே மேலுதடு என்றால் பெரும்பாலும் மங்குதான். வெயிலில் கறுப்பது வேறு: நிழலில் இருந்தால் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். மங்கு அப்படி இல்லை. குறையும், அடுத்த வெயிலுக்குத் திரும்பி வரும். கர்ப்பம், கருத்தடை மாத்திரை போன்ற ஹார்மோன் காரணங்களும் உண்டு. மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

முதலில் வரிசையைச் சரிசெய்யுங்கள். சீரம், மாய்ஸ்சரைசர், கடைசியாகத்தான் சன்ஸ்கிரீன். அதன் மேல் சீரத்தைத் தேய்த்தால் படலம் கலைந்து திட்டுத் திட்டாகத்தான் நிற்கும்.

அடுத்தது அளவு. டியூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்த்த கணக்கு. பலர் போடுவது அதில் கால் முதல் அரைப் பங்குதான், பாதுகாப்பும் அதற்கேற்பச் சரியும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். சோதித்துப் பார்க்க எளிய வழி: இந்த அளவில் தினம் இருமுறை போட்டால் 50 கிராம் டியூப் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. மூன்று மாதம் வருகிறதென்றால் குறை டியூபில் இல்லை.

ஒவ்வொரு முறையும் அந்த அளவை இரண்டு தவணையாகப் போடுங்கள், தேய்க்காமல் ஒற்றிவிடுங்கள். வெளியே போக 15 நிமிடம் முன்பு போட வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்து முகத்தைத் துடைத்தால் உடனே. காதோரமும் தாடை விளிம்பும்தான் எப்போதும் விட்டுப்போகும் இடங்கள்.

மூன்றாம்பிறை:
ஜன்னலோரம்னு சொன்னீங்களே, அதுதான் விஷயம். வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர்ல யுவிபி, யுவிஏன்னு ரெண்டு வகை. சாதாரணக் கண்ணாடி யுவிபி கதிரைப் பெரும்பாலும் நிறுத்திடும், யுவிஏ உள்ளே வந்துடும். அதோட கண்ணுக்குத் தெரியற ஒளியே, முக்கியமா ஊதா-நீலப் பகுதி, மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் கருமையைத் தூண்டும். நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதை அவ்வளவா தடுக்காது. டின்டட் (லேசா நிறம் சேர்த்த) வகை வாங்குங்க, பொருட்பட்டியல்ல அந்த நிறத்தைத் தர்ற அயர்ன் ஆக்சைடு இருக்கணும். மங்குக்கு எஸ்.பி.எஃப் 30-ஐ விட்டு 50-க்குப் போறதைவிட இதுல பலன் ஜாஸ்தி. முதலாவது யுவிபியில் 97 சதவீதம் தடுக்கும், ரெண்டாவது 98, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன் வெளிச்சத்துக்குன்னு விக்கிற கிரீமுக்குக் காசு கொடுக்காதீங்க. சூரியனோட ஒப்பிட்டா திரை வெளிச்சம் ஒண்ணுமே இல்லை.

மருந்துப்பெட்டி:
எரிச்சல் இருக்கும்போது அமிலமும் ரெட்டினாலும் தொடர்ந்தால் அந்த அழற்சியே புதுக் கருமையை விட்டுப் போகும். மூன்று வாரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மென்மையான க்ளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும் போதும். எரிச்சல் அடங்கியதும் ஒன்றே ஒன்று: கருமையைக் குறைக்கும் அசிலாயிக் அமில கிரீம், 15 முதல் 20 சதவீதம், முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில். லேசாக அரிக்கும், சில வாரத்தில் பழகும். கர்ப்ப காலத்திலும் இதைப் பயன்படுத்தலாம், ரெட்டினால் கூடாது. பலனைப் 12 வாரம் கழித்துப் பாருங்கள், அதற்குமுன் எடை போடாதீர்கள்.

கருமையை வெளுக்க வைக்கும் மருந்தான ஹைட்ரோகுயினோன் 4 சதவீதம் வேலை செய்யும், ஆனால் டாக்டர் சொன்ன காலத்துக்கு மட்டும். வருடக்கணக்கில் போட்டால் நீலம் கலந்த கருமை உண்டாகும், அதை எடுப்பது பெரும்பாடு. இதைவிட மோசம், மொமெட்டாசோன் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு கலந்த கிரீமை இஷ்டத்துக்குப் போடுவது. ஆரம்பத்தில் முகம் பளிச்சென்றிருக்கும், பிறகு தோல் மெலியும், ரத்த நாளம் தெரியும், பரு வரும், ரோமம் வளரும், நிறுத்தினால் சிவந்து எரியும். ஏற்கெனவே போட்டுவருபவர்கள் சட்டென்று நிறுத்தாமல் டாக்டர் சொல்படி குறைக்க வேண்டும்.

பெயர் தெரியாத வெளுப்பு கிரீமில் பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உறையில் ‘கலோமெல்’, ‘மெர்க்குரஸ் குளோரைடு’ என்றோ, தங்கம் வெள்ளி நகையில் படக்கூடாது என்றோ இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

தென்றல்_இலை:
நன்றி. வரிசை விஷயம் இத்தனை நாள் தெரியவில்லை. எலுமிச்சைச் சாறு தடவச் சொல்கிறார்கள், சரியா? லேசரில் ஒரேயடியாகப் போய்விடுமா?

கற்றாழை:
எலுமிச்சை வேண்டாம். அமிலத் தன்மை மிக அதிகம், தோலை அரிக்கும். எலுமிச்சை இனத்தில் உள்ள ஃபுரோகூமரின் என்ற பொருள் வெயில் பட்டால் கொப்புளமாக்கி, மாதக்கணக்கில் கருமையை விட்டுப் போகும். லேசரில் மங்கு முதலில் வெளுத்து, பிறகு முன்பைவிடக் கறுத்துத் திரும்புவதும் நடக்கிறது. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பளிங்கு முகம் பற்றி: பல போன்கள் ஃபில்டர் போடாமலே தோலை வழவழப்பாக்கித்தான் காட்டும். எதிரே இருந்து வெளிச்சம் முகத்தில் நேராக விழுந்தால் மேடுபள்ளமும் மறையும். உண்மையில் யாருக்கும் முகம் முழுக்க ஒரே நிறமில்லை. கண்ணைச் சுற்றி, வாயோரம், நெற்றி ஓரம் ஒரு சாயல் கூடுதலாக இருப்பது நோயல்ல, அதற்கு கிரீம் தேடினால் மறுபடி எரிச்சலில்தான் முடியும். திட்டு குறைகிறதா என்று பார்க்க, மாதம் ஒருமுறை அதே ஜன்னல், அதே நேரம், பின்பக்கக் கேமராவில் ஒரு படம். தினமும் உருப்பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியாது.

மூன்றாம்பிறை:
ஒண்ணு விட்டுப்போச்சு. கழுத்துப் பின்னாடி வெல்வெட் மாதிரி தடிச்ச கருமை இருந்தா அது வெயிலால வந்தது இல்லை, சர்க்கரை பரிசோதனை பண்ணிடுங்க. உள்ளங்கால்லயோ நகத்துக்கு அடியிலயோ புதுசா ஒரு கறுப்புக் கோடோ புள்ளியோ வந்து வளர்ந்தாலும் சீரம் தேடாதீங்க, நேரா தோல் டாக்டர்கிட்ட போங்க.