பனாமா கால்வாயைச் சின்னக் கப்பலில் கடக்கலாமா?

பழைய மதகு (திருவையாறு):
நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். பணி ஓய்வு பெற்ற நாங்கள் நான்கு குடும்பம், மொத்தம் எட்டுப் பேர், வரும் பிப்ரவரியில் பனாமா போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அறுபது எழுபது பேர் மட்டும் ஏறுகிற சின்னக் கப்பலில் குழுவாக ஒரு வாரப் பயணம். பசிபிக் பக்கம் ஏறி, கால்வாயைக் கடந்து, கரீபியன் பக்கம் இறங்க வேண்டும். விமானத்தோடு சேர்த்து ஆளுக்கு ஆறு லட்சத்தைத் தாண்டுகிறது. இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

முப்பது வருடம் ஆற்றுப் பாசனத்தில் வேலை பார்த்தவன் நான். கல்லணையில் ஷட்டர் ஏறி இறங்குவதைப் பார்த்தே வயதானவனுக்கு, கப்பலைத் தண்ணீரால் ஏற்றி இறக்கும் அந்த மதகு அறையை, அதாவது லாக்கையும், ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கடல்மட்டத்தில் வருகிற கப்பலை 26 மீட்டர் உயரம் தூக்கி, கால்வாயின் நடுவே இருக்கிற காட்டுன் ஏரியில் விடுகிறார்கள். தூக்குவதற்குப் பம்பு ஒன்றுகூடக் கிடையாது. சுவருக்குள்ளே ஓடும் சுரங்க வாய்க்காலைத் திறந்துவிட்டால் ஏரித் தண்ணீர் தானாகவே இறங்கி அறையை நிரப்புகிறது, கப்பல் எழும்புகிறது. நம் மதகில் தண்ணீர் பாய்வதும் இதே மட்ட வித்தியாசத்தில்தானே. கதவுகள் உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்தவை, தண்ணீரே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். அதனால் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள கதவை அசைக்க 25 குதிரைத்திறன் அளவு மோட்டாரே போதும் என்று 1914-ல் திறக்கும்போதே அமைத்திருந்தார்கள்.

பெரிய உல்லாசக் கப்பலின் பத்தாவது மாடியில் நின்றால் இதெல்லாம் கண்ணில் படாது. சின்னக் கப்பலில் லாக் சுவரின் ஈரப் பாசி வரைக்கும் தெரியும். போகலாம் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கடைமடைக்காரன் (தலைஞாயிறு):
சார், உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். பணத்துக்காக அல்ல, தண்ணீருக்காக.

ஒரு கப்பல் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குப் போய்ச் சேர சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் கலக்கிறது. ஒரு நாளைக்கு 36 கப்பல் என்று வைத்துக்கொண்டால் நம் கணக்கில் கால் டி.எம்.சி. இரவு பகலாக வினாடிக்கு 2,900 கனஅடி கடலுக்கு ஓடுவதற்குச் சமம். எங்கள் ஊருக்கு முறை வைத்து வருகிற தண்ணீரை நினைத்துப் பார்க்கிறேன். 2023-ல் ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தார்கள், அக்டோபரில் மூடிவிட்டார்கள். எங்கள் பக்கம் பயிர் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். அதே வருடம் அங்கேயும் மழை பொய்த்து ஏரி இறங்கியது. 36 கப்பல் போன இடத்தில் டிசம்பரில் 22 என்று குறைத்தார்கள். சரக்குக் கப்பலுக்கே தண்ணீர் இல்லாத ஏரியில் அறுபது பேர் வேடிக்கை பார்க்கப் போக 20 கோடி லிட்டரா? தலைக்கு முப்பது லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது.

நாகை மாலுமி:
அண்ணே, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கடைசிக் கணக்கு சரியில்லை. நான் சரக்குக் கப்பலில் பல தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். பழைய லாக் அறை ஒவ்வொன்றும் 305 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலம். சின்னக் கப்பலைத் தனியாக உள்ளே விட்டு ஓர் அறைத் தண்ணீரைச் செலவழிக்க மாட்டார்கள். இடம் இருந்தால் இன்னொரு கப்பலோடு சேர்த்தே ஏற்றுவார்கள். அந்தத் தண்ணீர் எப்படியும் இறங்கப் போகிற தண்ணீர்தான்.

பழைய மதகு சாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கால்வாயில் நீங்கள் எந்த நேரத்தில் நுழைவீர்கள் என்பதைக் கால்வாய் நிர்வாகம்தான் முடிவு செய்யும். சின்னக் கப்பல்களுக்குப் பாதி வழி ராத்திரியில் போய்விடுவது உண்டு. பகலில் எவ்வளவு தூரம் கிடைக்கும் என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். ராத்திரியும் அழகுதான், அதை மறுக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் கதவு மூடும், இரண்டு பக்கச் சுவர் மேலும் இழுவை வண்டிகள் கம்பி வடத்தோடு கூடவே ஊர்ந்து வரும், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் சொல்வதற்கு அவை மணியடித்துப் பதில் சொல்லும். என் மனதில் அதிகமாக நிற்பது இன்னொன்று. இவ்வளவு இயந்திரம் இருக்கிற இடத்தில், முதல் கயிற்றைக் கப்பலுக்குக் கொண்டு வர இரண்டு பேர் துடுப்புப் படகில் வருவார்கள். ஆற்றில் தோணி தள்ளுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன், அதைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் வேலையில் இருந்தவன் நின்று பார்க்க முடியாது. கயிற்றைப் பார்த்துக்கொண்டே கால்வாய் முடிந்துவிடும். பயணியாகப் போக வாய்ப்பு வந்தால் நான் விட மாட்டேன்.

திருவாரூர் டீச்சர்:
எனக்குத் தண்ணீரைவிட மனிதர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். 1881-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கி, மலேரியாவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் விபத்திலும் சுமார் இருபதாயிரம் பேர் இறந்து, திவாலாகி விட்டுப் போனார்கள். அமெரிக்கர்கள் எடுத்துக் கட்டிய பத்து வருடத்தில் கணக்கில் வந்த சாவு மட்டும் 5,609. பெரும்பாலும் பார்படாஸ் முதலான தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். வெள்ளைக்கார அமெரிக்கருக்குத் தங்கத்தில் கூலி, இவர்களுக்கு வெள்ளியில் கூலி. கடையில்கூட வரிசை தனி. இங்கிருந்து மலேயா தோட்டத்துக்கும் இலங்கைக்கும் ஆள் போன ஜில்லாக்காரர்கள் நாம், இதைக் கேட்டுவிட்டுச் சும்மா கடந்துபோக முடியாது. கப்பலில் கூட வருகிற வழிகாட்டி இதைச் சொல்வாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள் சார். சொல்லாவிட்டால், கப்பலே வேண்டாம். மிராஃபுளோரஸ் லாக் பக்கம் கரையிலேயே பார்வையாளர் மாடம் இருக்கிறது, பாதிச் செலவில் பகலில் நின்று பார்க்கலாம்.

அப்புறம் ஊசி. பனாமா போய்த் திரும்பினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இங்கே இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். பத்து நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய மதகு:
டீச்சர் சொன்னது எனக்கு உறைத்தது. ஊசி விஷயம் எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது.

கடைமடைக்காரரே, கடலுக்குப் போகும் தண்ணீர் எல்லாம் வீண் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஏரிக்குத் தண்ணீர் தருகிற நிலத்தில் சராசரியாக வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் டெல்டாவைப் போல இரண்டு மடங்கு. ஏரிக்குக் கீழே குறுவை, தாளடி என்று தண்ணீருக்குக் காத்திருக்கிற கடைமடை எதுவும் கிடையாது. 2016-ல் திறந்த புது லாக்கில் பக்கத்திலேயே தொட்டி கட்டி, ஒவ்வொரு தடவையும் 60 சதவீதத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நம் ஆறுகளில் இப்படி ஒரு சிக்கனத்தை யாராவது யோசித்தார்களா? அதைப் பார்த்து வந்து சொல்லவும்தான் போகிறேன்.

கடைமடைக்காரன்:
மாலுமித் தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். தலைக்கு முப்பது லட்சம் என்றது தப்பு. மற்றதில் நான் மாறவில்லை.

கடைமடை இல்லை என்கிறீர்கள், பனாமா நகரமும் கொலோனும் குடிப்பது எந்தத் தண்ணீர்? அந்த ஏரிகளின் தண்ணீர்தான். நீங்கள் போகிற பிப்ரவரி அங்கே கோடை. மே வந்தால்தான் மழை. ஏரி இறங்குகிற மாதத்தில் போகிறீர்கள். தொட்டி வைத்த புது லாக் ராட்சதக் கப்பலுக்கு. உங்கள் சின்னக் கப்பல் ஏறப்போவது பழைய லாக்கில், அங்கே அந்தத் தொட்டி கிடையாது. இதெல்லாம் போதாது என்று ரியோ இந்தியோ என்ற ஆற்றில் புது அணை கட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் பேர் வரை ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். மேட்டூர் இறங்கினால் பண்ணவாடியில் அணைக்குள் மூழ்கிய ஊரின் நந்தி தலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்க்காரர்கள் எழுந்து போன தண்ணீரில்தான் நான் சம்பா வைக்கிறேன். எனக்கு அதில் இன்றைக்கும் ஒரு உறுத்தல் உண்டு. சோற்றுக்காக என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். பார்வைக்காக என்றால் எப்படித் தேற்றிக்கொள்வது?

நாகை மாலுமி:
அணை சரக்குக் கப்பலுக்காக அண்ணே. நம் வீட்டுப் பருப்பும் எண்ணெயும் கப்பலில்தான் வருகின்றன. பயணிகள் கப்பல் அதில் ஒரு சின்னப் பங்கு.

பழைய மதகு:
புது லாக், பழைய லாக் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் இரண்டையும் கலந்துவிட்டேன். பிப்ரவரியையும் நான் யோசிக்கவில்லை. மழை தொடங்கி ஏரி ஏறுகிற மாதத்துக்குத் தள்ளிப் போடலாமா என்று குழுவில் பேசுகிறேன். நனைவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கப்பல்காரர்களிடம் மூன்று கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறேன். லாக்கில் வேறு கப்பலோடு சேர்ந்து ஏறுவோமா, பகலில் எத்தனை மணி நேரம், தொழிலாளர் வரலாற்றைச் சொல்ல ஆள் உண்டா. முதல் கேள்விக்கு இல்லை என்று வந்தால் டீச்சர் சொன்னபடி கரையில் நின்று பார்த்துவிட்டு வருவேன். போகாமல் இருக்க என்னால் முடியாது அய்யா, மன்னியுங்கள்.

கடைமடைக்காரன்:
மன்னிப்பெல்லாம் எதற்கு சார். போவது என்று ஆகிவிட்டால் ஒன்று செய்யுங்கள். நம் மேட்டூர் மாதிரியே அந்த ஏரியின் மட்டத்தையும் அடிக்கணக்கில்தான் சொல்கிறார்கள். 2023-ல் 80 அடிக்குக் கீழே போனது. நீங்கள் போகிற அன்று எத்தனை அடி என்று இங்கே எழுதுங்கள். நானும் அன்றைக்கு மேட்டூர் எத்தனை அடி என்று எழுதுகிறேன்.