புது வீட்டுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் தேவையா?

நிலைவாசல்:
கட்டி முடித்த புது வீடு. இன்னும் மூன்று வாரத்தில் சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டட நிறைவுச் சான்றிதழ் வந்துவிட்டது, பில்டரின் இன்ஜினியரும் எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்கிறார். கதவு, ஜன்னல், டைல்ஸ், குழாய் எல்லாம் நாமே பார்த்துக்கொள்ளலாமே. தனியாக ஒருவருக்குப் பணம் கொடுத்து ஆய்வு செய்யச் சொன்னால், நம் கண்ணுக்குப் படாத எதை அவர் பார்ப்பார்?

செங்கல்கட்டு:
நிறைவுச் சான்றிதழ் தருபவர் முக்கியமாகப் பார்ப்பது, அனுமதி வாங்கிய வரைபடப்படி கட்டியிருக்கிறார்களா, விதிகளை மீறவில்லையா என்பதைத்தான். உங்கள் குளியலறை ஒழுகுமா என்று அவர் தண்ணீர் விட்டுப் பார்ப்பதில்லை. பில்டரின் இன்ஜினியருக்குச் சம்பளம் பில்டர் தருவது. அதோடு, ஒருவர் செய்த வேலையை அடுத்தவர் மூடிக்கொண்டே போவதுதான் கட்டுமானம். கான்கிரீட்டில் இருக்கும் பொத்தலைப் பூச்சு மூடும், பூச்சை பெயிண்ட் மூடும். பழைய வீடு என்றால் கறையும் ஊறலும் தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். புது வீட்டில் இன்னும் யாரும் குளிக்கவில்லை, ஒரு மழையும் முழுதாகப் பெய்திருக்காது. அதனால் குறை தெரியாது.

குளியலறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தரை வடிகாலை அடைத்து, வாசலில் சின்னத் தடுப்பு கட்டி, 25 முதல் 50 மி.மீ. உயரம் வரை தண்ணீர் நிறுத்த வேண்டும். நீர்மட்டத்தை சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு, குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விட வேண்டும். பிறகு கீழ்த்தளத்துச் சீலிங்கையும் பக்கத்து அறைச் சுவரின் அடிப்பகுதியையும் ஈரமானி வைத்துப் பார்க்க வேண்டும். மட்டம் ஓரிரு மி.மீ. இறங்கினால் ஆவியானது என்று விடலாம். அதற்கு மேல் இறங்கியிருந்தால் முதலில் வடிகால் அடைப்பு கசிகிறதா என்று பாருங்கள். அடைப்பு சரியாக இருந்து, கீழே சீலிங்கும் காய்ந்திருந்தால்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். தண்ணீர் தரைக்கடியில் உள்ள நிரப்பலுக்குள் இறங்கியிருக்க வாய்ப்புண்டு. அது சில மாதம் கழித்து, பக்கத்து அறையில் ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரடியில் ஒட்டும் டைல் பட்டைக்கு) மேலே பெயிண்ட் கொப்பளமாகத்தான் வெளியே வரும்.

ஒழுகுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். தரையும் சுவரும் சேரும் மூலை ஒன்று, ஸ்லாபைத் துளைத்துக் குழாய் இறங்கும் இடம் இன்னொன்று. வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு மூலையில் வளைவாகத் திரும்பிச் சுவரில் குறைந்தது 150 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். ஷவர் பக்கம் இன்னும் உயரமாக. பூச்சு காய்ந்த பிறகு பிளம்பர் வந்து ஒரு இடத்தில் உளி வைத்துக் கொத்தினாலே போதும், அத்தனையும் வீண்.

தரைச் சரிவு சுமார் 80-க்கு 1 இருந்தால் நல்லது, அதாவது 2 மீட்டருக்கு 25 மி.மீ. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். இதற்கு ஆளே தேவையில்லை, நீங்களே செய்யலாம்.

மின்னிணைப்பு:
மேலே சொன்னதோடு கரண்ட் விஷயத்தையும் சேர்த்துக்கோங்க. சுவிட்ச் போட்டா லைட் எரியுது, அதனால வயரிங் சரின்னு நினைக்கிறதுதான் ஆபத்து. எர்த் வயர் எங்கேயும் சேராம தொங்கினாலும் லைட் எரியும். ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலும் எரியும், ஆனா சுவிட்ச் நியூட்ரலை வெட்டுறதால ஆஃப் பண்ணின பிறகும் ஹோல்டர்ல கரண்ட் நிக்கும். பல்பு மாத்தப் போறவங்க கை வைக்கிற இடம் அது.

சாக்கெட்ல சொருகுற மூணு லைட் டெஸ்டர் வாங்கி நீங்களே ஒவ்வொண்ணாப் பார்க்கலாம். ஆனா நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தா அது காட்டாது. கரண்ட் கசிஞ்சா சப்ளையைத் துண்டிக்கிற ஆர்சிசிபியில இருக்கிற டெஸ்ட் பட்டனும் அப்படித்தான். அந்தக் கருவியோட மெக்கானிசம் வேலை செய்யுதான்னு மட்டும் சொல்லும், உங்க வீட்டு எர்த்தைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. ஆய்வுக்கு வர்றவர் தனிக் கருவி வெச்சு 30 மில்லி ஆம்பியர் கசியவிட்டு 300 மில்லி செகண்டுக்குள்ள ட்ரிப் ஆகுதான்னு பார்ப்பார். பாதி அளவுல, அதாவது 15-ல, ட்ரிப் ஆகக் கூடாது.

அப்புறம் மெகர், அதாவது வயரோட இன்சுலேஷனை அளக்கிற கருவி. லைட், எலக்ட்ரானிக்ஸ் எல்லாத்தையும் கழட்டிட்டு 500 வோல்ட் டிசி கொடுத்து இன்சுலேஷன் பார்க்கணும். 1 மெகா ஓம் குறைந்தபட்சம், ஆனா புது வயரிங்ல அதைவிட ரொம்ப அதிகமாவே வரணும். ஒரு சர்க்யூட் மட்டும் குறைவாக் காட்டினா, எங்கேயோ ஆணி வயரைத் தொட்டிருக்கு இல்லை பைப்புக்குள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம். 2.5 சதுர மி.மீ. வயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினா தானா விழற சுவிட்ச்) போட்டிருக்காங்களான்னும் பாருங்க. எம்சிபி விழறதுக்கு முன்னாடி வயர் சூடாகி உருகும்.

நிலைவாசல்:
நன்றி. ஹால் சுவரில் மயிரிழை விரிசல் சில இருக்கிறது. பூச்சு காய்ந்ததால் வந்தது, பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். நம்பலாமா? ஆளை எப்போது கூப்பிடுவது?

தூக்குகுண்டு:
விரிசல் எந்த வடிவில் ஓடுகிறது என்று பாருங்கள். வலைபோல் பின்னிக்கிடந்து, நகத்தால் தடவினால் மாட்டாத அளவு மெல்லியதாக இருந்தால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேராக ஓடினால், பூசுவதற்கு முன் அங்கே கம்பி வலை வைக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அந்த இடத்தில் பூச்சை வெட்டி எடுத்து வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள், வெறும் பட்டி போட்டால் திரும்ப வரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ செங்கல் வரிசைப்படி படிக்கட்டுப் போலவோ ஏறினால், ஒரு முனை அகலமாக இருந்தால், சுவரின் மறுபக்கமும் அதே இடத்தில் தெரிந்தால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் அசைவு இன்னும் நிற்கவில்லை.

ஆளைக் கூப்பிடச் சிறந்த நேரம் பூச்சுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் முன்னால். உங்களுக்கு அது போய்விட்டது. இப்போது மின்சாரமும் தண்ணீரும் இணைத்த பிறகு, கடைசித் தவணை கட்டுவதற்கு முன் வரச் சொல்லுங்கள். தண்ணீர் தேக்கிப் பார்க்க இரண்டு நாள் வேண்டும் என்று பில்டரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். குறை நீக்கும் பொறுப்புக் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது இன்னொரு முறையும் பார்ப்பது நல்லது. மழையும் வெயிலும் பட்ட பிறகுதான் ஜன்னல் ஓரக் கசிவெல்லாம் தெரியும்.

ரிப்பேர் வேலையும் தானே எடுத்துச் செய்பவர் வேண்டாம், பில்டர் சிபாரிசு செய்பவரும் வேண்டாம். பழைய அறிக்கை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். "குளியலறையில் கசிவு" என்று மட்டும் எழுதியிருந்தால் பயனில்லை. எந்த அறை, எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனை செ.மீ., மீட்டர் ரீடிங் என்ன, படம் எது என்று இருக்க வேண்டும். அவர் சுவரை உடைத்துப் பார்க்க மாட்டார் என்பதும் தெரிந்திருக்கட்டும். தெர்மல் கேமரா சுவருக்குள் ஊடுருவிப் பார்க்காது, மேற்பரப்பின் வெப்ப வேறுபாட்டைத்தான் காட்டும். சுவர் காய்ந்திருக்கும்போது பிடித்தால் கசிகிற சுவரும் ஒரே நிறமாகத்தான் தெரியும். அதனால் தண்ணீர் தேக்கிய பிறகு பிடிக்கச் சொல்லுங்கள். சரிசெய்த பின் மறுபடி வந்து பார்ப்பது கட்டணத்தில் அடக்கமா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.