கோபர் கேஸ் டேங்க் புளிச்சுப்போன கதை (டர்பன்ல இருந்து)

வணக்கம் மக்களே, தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு ஓட்டல்ல மாஸ்டரா இருக்கேன், சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். 2023-ல லோட்ஷெட்டிங் (முறை வச்சு கரண்ட் கட்) ஸ்டேஜ் 6 வரைக்கும் போச்சே, அப்ப ஃப்ரீசர் அணைஞ்சு அணைஞ்சு கறியும் மாவும் பக்கெட் பக்கெட்டா வீணாச்சு. குப்பை எடுக்கவும் காசு, சிலிண்டருக்கும் காசுன்னு முதலாளி ஒரே புலம்பல் (இங்கயே நாலு தலைமுறை, தமிழ்ல அவருக்குத் தெரிஞ்சது சாப்பாட்டுப் பேரும் சாமி பேரும்தான்). நான் சும்மா இருக்காம "அங்கிள், எங்க ஊர்ல கோபர் கேஸ்னு ஒண்ணு இருக்கு, சாணி, மிச்சம் மீதிய டேங்க்ல ஊறவச்சு அடுப்புக்கு கேஸ் எடுக்கிறது"ன்னு வாய விட்டேன், மாட்டிக்கிட்டேன்.

பின்பக்கம் டேங்க் வச்சு சாணி கரைச்சு ஊத்தி மூணு வாரம் காத்திருந்தோம். மொதல்ல வர்ற கேஸ்ல கார்பன் டை ஆக்சைடுதான் ஜாஸ்தி, எரியாது, வெளிய விட்டுடணும். அது தெரியாம ஒரு தீப்பெட்டியே காலி (காத்து கலந்திருந்தா வெடிச்சிருக்கும், அப்படி செய்யாதீங்க). அப்புறம் 10 கிலோ சாப்பாட்டு மிச்சம் போட்டா சுமாரா ஒரு கன மீட்டர் கேஸ், சிலிண்டர் கணக்குல அரை கிலோகூட வராது. பிரியாணி அடுப்புக்குக் காணாது, பருப்பு வேகும், பாத்திரம் கழுவ வெந்நீர் போடலாம், அவ்ளோதான்.

அப்புறம் ஒரு கல்யாண ஆர்டர் முடிஞ்ச ராத்திரி பசங்க பழைய எண்ணெய், எலுமிச்சை மூடி, ஊறுகாய்னு மொத்தத்தையும் உள்ள கொட்டிட்டானுங்க. ரெண்டு நாள்ல தீ மஞ்சளா ஆடி அணைஞ்சுது, டேங்க்கிட்ட போனா புளிச்ச மோர் வாடை. புளிப்பு பாக்குற பிஹெச் பேப்பர் 5-ங்குது, 7 பக்கத்துல இருக்கணும். அமிலம் உண்டாக்குற கிருமி வேகம், எரியுற கேஸான மீத்தேன் உண்டாக்குறது மந்தம், அளவுக்கு மேல போட்டா மந்தமானது செத்துடும். பத்து நாள் பட்டினி போட்டு, சுண்ணாம்பு கொஞ்சங்கொஞ்சமா கரைச்சு ஊத்தி, புது சாணி போட்டுத்தான் உசுரு வந்துச்சு. ஜூன் ஜூலை குளிர்ல கேஸ் இன்னும் கம்மி.

உங்க அனுபவத்தையும் போடுங்க.

பதில் 1

தம்பி, நானும் டர்பன்தான், சாட்ஸ்வொர்த்ல இருக்கேன். வாரிக் பக்கம் எர்லி மார்னிங் மார்க்கெட் இருக்கே, 1910-லேர்ந்து நம்மாளுங்க தோட்டத்துக் காய் கொண்டாந்து வித்த எடம், அங்க மிஞ்சுற இலை தழையை பொட்டானிக் கார்டன்ஸ்ல உரமாக்குறாங்கன்னு பாக்கப் போனேன். குவியலுக்குள்ள சொருகியிருந்த கம்பிய உருவித் தொடச் சொன்னாங்க, படக்குன்னு கைய எடுத்துட்டேன், அப்படி ஒரு சூடு! அந்த ஆசையில வீட்லயும் போட்டேன், ஆறு மாசத்துல எல்லாம் மக்கிடுச்சு, ஆப்பிள் மேல ஒட்டுற ஸ்டிக்கர் மட்டும் புதுசு மாதிரி இருக்கு.

பதில் 2

கேப் டவுன்ல ஹோட்டல் வேலை எனக்கு. இந்த மாகாணத்துல 2027-க்குள்ள சாப்பாட்டுக் கழிவு ஒரு துளிகூட குப்பைமேட்டுக்குப் போகக்கூடாதுன்னு இலக்கு, அதனால தனி குப்பைத் தொட்டி வச்சாச்சு. ஆனா பிரிக்கிறது யாரு? ராத்திரி பதினொரு மணிக்கு நான்தான். போன வாரம் மட்டும் பன்னெண்டு ஸ்பூன், ஒரு கண்ணாடி டம்ளர், யாரோட பல் செட்டோ ஒண்ணு.

முதல்ல எழுதுனவர்

பல் செட்டா 😂 இங்க ஸ்பூனோட நிக்குது சார். ஊறுகாய் பக்கெட்டுக்கு இப்ப தனி மூடி, அது கம்போஸ்ட்டுக்கும் போகாது, உப்பு.

சாட்ஸ்வொர்த் அக்கா, டேங்க்ல இருந்து வெளிய வர்ற ஸ்லரில (கரைசல்ல) தண்ணி கலந்து கறிவேப்பிலைக்கு ஊத்துறேன், கன்னு நெஞ்சு உயரம் வந்துடுச்சு. வேணும்னா கேன் கொண்டாங்க, மூடி இறுக்கமா இருக்கட்டும், பக்கில (பிக்கப் வண்டில) கொட்டிச்சுன்னா நான் பொறுப்பில்ல.