பெல்லந்தூர் நுரை, தென்பெண்ணைத் தண்ணீர்: பெங்களூர்த் தமிழர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈஜிபுராக்காரி:

தென்பெண்ணை சாக்கடையாவதைத் தடுக்க, இந்த ஊரில் இருந்துகொண்டு யாராவது ஏதாவது செய்து பார்த்திருந்தால் இங்கே எழுதுங்கள். மனு கொடுத்தது, தண்ணீர் எடுத்துச் சோதித்தது, அடுக்ககக் கூட்டத்தில் எழுந்து பேசி எல்லாரிடமும் திட்டு வாங்கியது, எதுவானாலும் சரி. நுரைப் படம் பேப்பரில் வரும்போது கொதிக்கிறோம். அடுத்த படம் வரும்வரை என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்த நடுவில் நடந்த கதைதான் எனக்கு வேண்டும்.

என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈஜிபுரா இருப்பது கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கில். எங்கள் பக்கத்து ராஜகாலுவேயில் (பெரிய மழைநீர்க் கால்வாயில்) விழும் தண்ணீர் பெல்லந்தூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அப்புறம் இங்கே தட்சிண பிநாகினி என்று சொல்லும் நம் தென்பெண்ணை. முகளூர் தாண்டி, கொடியாளம் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் போய் நிற்கும். அங்கே மதகு திறக்கும்போது பொங்குகிறதே நுரை, அதில் எங்கள் தெருவின் பங்கும் இருக்கிறது.

2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரி எரிந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. 2018 ஜனவரியில் மறுபடியும் எரிந்து, ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து அணைக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடியும் மாநகராட்சிக்கு 25 கோடியும் அபராதம் போட்டது, ஏரிகளைச் சரிசெய்ய 500 கோடியைத் தனியாக எடுத்து வைக்கவும் சொன்னது. கோடி கோடியாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதும் எங்கள் தெருமுனைக் குழாயிலிருந்து மலநீர் கால்வாயில் விழுவது நிற்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் நாங்கள் சில பெண்கள் இறங்கினோம்.

செய்தது பெரிய வேலை இல்லை. காலைச் சமையல் முடிந்ததும் ராஜகாலுவேயை ஒட்டி நடப்போம். மழைநீர் மட்டும் ஓட வேண்டிய கால்வாய் அது, மழையில்லாத நாளில் எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் வருகிறதோ அது கழிவுநீர்தான், சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு எண் போட்டு, எந்த வீட்டுக்குப் பின்னால், எந்த மின்கம்பத்துக்குப் பக்கத்தில் என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனோம். அப்போதுதான் ஒன்று புரிந்தது. பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அடைப்பை எடுக்காமல், மேன்ஹோலின் பக்கச் சுவரில் ஓட்டை போட்டுக் கால்வாய்க்குள் திறந்துவிட்டிருக்கிறார்கள். தெருவில் நாற்றம் நின்றுவிடும், எல்லாருக்கும் நிம்மதி. ஓசூரில் போய் நாறும்.

'ஏரி நாசமாகிறது' என்று ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தபோது, அது எங்கள் வேலையில்லை, அடுத்த அலுவலகத்துக்குப் போங்கள் என்றார்கள். அடுத்த இடத்தில் முதல் இடத்தைக் காட்டினார்கள். அப்புறம் மனுவை மாற்றினோம். இந்தத் தெரு, இந்த மேன்ஹோல், இந்தப் படம், பராமரிப்பு யார் பொறுப்பு, கடைசியாக எப்போது தூர் எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டோம். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் பதிலும் வந்தது, அதற்கு முன்பே ஆளும் இயந்திரமும் வந்து அடைப்பை எடுத்துச் சுவரைப் பூசிவிட்டுப் போனார்கள். எல்லாக் குழாயும் நிற்கவில்லை. நின்ற குழாய்கள் எல்லாம் எண் போட்டுக் கேட்டவை.

கே.ஆர். புரத்து ஓசூரான்:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் சித்தப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் குடும்ப நிலம் கெலவரப்பள்ளிக்குக் கீழே இருக்கிறது. கோஸ், தக்காளி, கொஞ்சம் ரோஜா. தரைப்பாலம் தெரியாமல் நுரை மூடும்போது டிவிக்காரர்கள் வருவார்கள். மற்ற நாளில் அந்தத் தண்ணீரில் காலை வைத்து மடை திருப்புகிறவர்களின் அரிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இரவில் காற்று அடித்தால் நாற்றம் வீட்டுக்குள் வந்துவிடும். அதற்காக அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றும் சித்தப்பா சொல்ல முடியாது, வேறு தண்ணீர் இல்லை.

என் அலுவலக நண்பர்கள் சிலரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்துப் போனேன். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று கலந்த கூட்டம், பாதிப் பேர் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் குடியிருப்பவர்கள். அணையையும் வயலையும் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கம்பெனிக்காரர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மோர் கொடுத்துக்கொண்டே, "அவங்களையும் பிடிங்க சாமி. உங்க வீட்டுல துணி துவைச்ச தண்ணி எங்க போகுதுன்னு யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரமே அவர்களில் ஒரு பெண் தன் அடுக்ககத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். அங்கே காற்றடிக்கும் இயந்திரம் ஓடவே இல்லையாம்.

இன்னொன்று. கோடையில் வறண்டுவிடும் ஆறு இது. இப்போது வருடம் முழுக்க ஓடுகிறது. இந்த ஊர் காவிரியை 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, கிட்டத்தட்ட 500 மீட்டர் மேலே ஏற்றிக் கொண்டுவருகிறது. நகரத்தின் கிழக்குப் பாதியில் நாம் குளித்து, துவைத்து, கழுவிவிடும் அந்தக் காவிரிதான் தென்பெண்ணையில் ஓடுகிறது. சுத்தம் செய்து விட்டால் சித்தப்பா போன்றவர்களுக்கு அது வரம்.

அல்சூர் பெரியவர்:

தம்பி சொன்னதோடு சேர்த்துச் சில விஷயங்கள். நான் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நுரை ஏன் வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். சோப்புத்தூளில் இருக்கும், அழுக்கைப் பிரிக்கும் ரசாயனம் சரியாகச் சிதையாமல் ஏரிக்கு வந்து சேற்றில் தங்கிவிடும். முதல் மழையில் சேறு கலங்கும், ஏரி நிரம்பி வழியும் கோடியில் தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது காற்று கலந்து பொங்கும். அதனால்தான் மழை பெய்தால் அழுக்கு அடித்துப் போகும் என்று நினைக்கும் நாளில் நுரை அதிகமாகிறது. பாஸ்பரஸ் தனிக் கதை, ஆகாயத்தாமரை அதைத் தின்றுதான் ஏரியை மூடுகிறது.

பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை அவர்கள் ஆசிரியையோடு வர்த்தூருக்குக் கீழே அழைத்துப் போய் ஆக்சிஜன் சோதனை காட்டினேன். பாட்டிலில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் பிடித்து, முதலில் மாங்கனீசு சல்பேட், அடுத்து காரம் கலந்த அயோடைடு கரைசல் விட வேண்டும் (கையுறை அவசியம், பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை, நானே விட்டேன்). தண்ணீரில் ஆக்சிஜன் கரைந்திருந்தால் பழுப்பு நிறத்தில் படியும். குடிநீர்க் குழாயில் பிடித்து வந்த பாட்டில் உடனே பழுப்பானது. ஆற்றில் பிடித்தது வெள்ளையாகவே நின்றது. "தாத்தா, இன்னும் கொஞ்சம் குலுக்குங்க" என்றது ஒரு பிள்ளை. குலுக்கினேன், மாறவில்லை. குளிக்கத் தகுந்த ஆறு என்றால் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் இருக்க வேண்டும், மீன் வளர 4. வெள்ளை என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்தப் பிள்ளைகள் வீட்டில் போய் என்ன சொன்னார்களோ, அடுத்த முறை பெற்றோரில் சிலர் விடுமுறை போட்டுக்கொண்டு கூடவே வந்தார்கள்.

சோதனை செய்ய நினைப்பவர்களுக்கு: பி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற அளவு) பார்க்க வேண்டுமானால் மாதிரியை ஐஸில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள், வெயிலில் ஒரு மதியம் கிடந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. நாம் எடுத்த மாதிரியை வைத்து நேராக யாருக்கும் தண்டனை வாங்க முடியாது. 1974 நீர்ச் சட்டப்படி அதிகாரி முறைப்படி எடுத்து, முத்திரை வைத்த மாதிரிதான் நீதிமன்றத்தில் செல்லும். நம் எண் எதற்கு என்றால், இங்கே வந்து எடுங்கள் என்று அவர்களைக் கூப்பிடுவதற்கு. தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதி, எண்ணையும் வைத்துக் கேட்டால் மறுப்பது கடினம். அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவில், 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுக் குடிமக்களே நீதிமன்றத்தில் புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

சர்ஜாபூர் சாலை செயலாளர்:

அந்தக் காற்றடிக்கும் இயந்திர விஷயம் எங்கள் அடுக்ககத்திலும் உண்மை. ராத்திரி முழுக்க புளோயரை நிறுத்தி வைத்திருந்தார்கள், மின்கட்டணம் மிச்சமாம். கழிவுநீரைத் தின்று சுத்தம் செய்வது நுண்ணுயிர்கள், அவற்றுக்குக் காற்று இல்லாவிட்டால் செத்துவிடும், அப்புறம் அந்தத் தொட்டி வெறும் சாக்கடைத் தொட்டிதான். ஒப்பந்தக்காரர் மாதாமாதம் காட்டிய அறிக்கையில் எல்லா எண்ணும் அழகாக இருந்தன.

நான் இன்ஜினியர் இல்லை, வங்கியில் வேலை பார்த்தவன். ஆனால் ஒரு சுலபமான சோதனையைக் கற்றுக்கொண்டேன். காற்றேற்றும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுகுடுவையில் எடுத்து அரைமணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். கீழே பழுப்பாகச் சேறு படிந்து மேலே தெளிந்தால் தொட்டி உயிரோடு இருக்கிறது, ஈரமண் வாசனை அடிக்கும். கறுப்பாகக் கலங்கி, முட்டை அழுகிய நாற்றம் அடித்தால் காற்று போகவில்லை. அந்தக் குடுவையைப் பொதுக்குழுக் கூட்டத்துக்கு எடுத்துப் போய் மேஜைமேல் வைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். இது நம்முடையது, இதைத்தான் ஆற்றில் விடுகிறோம் என்றேன். ஒரு மூத்த அம்மா எழுந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று கூடுதலாகப் பிரித்துக் கட்டுவோம், புளோயரை ஓடவிடுங்கள் என்றார். அவருக்குச் சொந்த ஊர் திருக்கோவிலூர். தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்ட ஊர்ச் சாமிகள் எல்லாம் தென்பெண்ணைக்கு வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். "சாமி இறங்குற ஆத்துல போய் இதை விடலாமா" என்று கேட்டார், தீர்மானம் நிறைவேறிவிட்டது.

இப்போது சுத்திகரித்த தண்ணீர் கழிவறைக்கும் தோட்டத்துக்கும் போகிறது, அந்த அளவுக்கு டேங்கர் வாங்குவது குறைந்தது. மிஞ்சும் சேற்றை உறிஞ்சி எடுக்க வரும் டேங்கர், அதாவது ஹனி சக்கர் வண்டி, அதை எங்கே கொட்டுகிறது என்று எழுதி வாங்கிக்கொள்கிறோம். இதை எல்லா அடுக்ககங்களும் கேட்க வேண்டும். இருட்டில் ராஜகாலுவேயில் திறந்துவிட்டுப் போகும் வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

பானஸ்வாடி:

எல்லாரும் தயங்கிக்கொண்டே விட்ட ஒன்றை நான் கேட்கிறேன். தமிழ்நாட்டுக்குப் போகும் ஆற்றைப் பற்றித் தமிழர்கள் இந்த ஊரில் பேசினால் சிக்கல் வராதா? 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பஸ்கள் எரிந்தபோது எங்கள் தெருவில் யாரும் தமிழில் சத்தமாகப் பேசவில்லை. அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கே.ஆர். புரத்து ஓசூரான்:

நியாயமான கேள்வி அண்ணா, எனக்கும் இருந்தது. முகளூர்ப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போனபோது அறிமுகம் செய்துகொள்ளவே தயங்கினேன். ஆனால் அங்கே பேசியவர்கள் எல்லாம் கன்னட விவசாயிகள். அந்தத் தண்ணீர் ஓசூருக்கு வருவதற்கு முன்னால் அவர்கள் வயலைத்தான் தாண்டி வருகிறது. கிணறு கெட்டுப் போனது அவர்களுக்குத்தான் முதலில். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, கீழே உங்கள் ஊரில் எப்படி என்று விசாரித்தார். சித்தப்பா கதையைச் சொன்னேன், என் கன்னடம் கொஞ்சம் தடுமாறும், பொறுமையாகக் கேட்டார். பங்கீட்டுச் சண்டையில் இரண்டு பக்கம் உண்டு. சாக்கடை விஷயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் மேலே ஒரே நகரம்தான். மனுக்களைக் கன்னடத்தில் எழுதுங்கள், அவர்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், அவர்கள் ஊர்ப் பெயர் முதலில் வரட்டும்.

ஈஜிபுராக்காரி:

எங்கள் நோட்டில் குழாய்களை எண் போட்டு எழுதித் தந்ததே எதிர்வீட்டுக் கன்னட அக்காதான், அதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

அல்சூர் ஐயா, ஒன்று கேட்க வேண்டும். மழைக்கு முன்னால் ஒரே நாள் காலையில் எங்கள் கால்வாய், பெல்லந்தூர் கோடி, வர்த்தூர் கோடி, முகளூர் பாலம், கெலவரப்பள்ளி என்று வரிசையாக அந்தப் பாட்டில் சோதனை செய்ய முடியுமா? எங்கே பழுப்பு, எங்கே வெள்ளை என்று ஒரே தாளில் வந்தால் அதை வைத்து மாதிரி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஓசூர்த் தம்பி, அணைப் பக்கம் உன் சித்தப்பாவைக் கேட்டுச் சொல். செயலாளர் சார், அளவுகுடுவைச் சோதனையை எங்கள் பக்கத்து அடுக்ககத்தில் வந்து ஒரு முறை செய்து காட்டுங்கள், நான் சொன்னால் கேட்கமாட்டார்கள். முகளூரில் பாலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள், அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் ஆள் இல்லை.