ஹிட் வேண்டாம் என்றவரின் 'பெஸ்ட் ஆஃப்': ரோரி கேலகர் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தார்?

வைகைக்கரை:

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். காதில் ப்ளூஸ் ராக் பாடல்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. கண் சொருகிய நேரத்தில் ஒரு கிட்டார் வந்தது பாருங்கள், தூங்குகிறவன் முகத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை வீசின மாதிரி. போனை எடுத்துப் பார்த்தால் பாட்டு 'ஷேடோ ப்ளே', பாடியவர் ரோரி கேலகர். ஓயாஸிஸ் குழுவின் கேலகர் சகோதரர்களைத் தெரியும். இவர் யார்? வேன் எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்குள் கொஞ்சம் படித்துவிட்டேன். அயர்லாந்துக்காரர். 1948ல் பாலிஷானன் என்ற ஊரில் பிறந்து கார்க் நகரத்தில் வளர்ந்தவர். 1995ல், 47 வயதில், கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு லண்டனில் இறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து தூங்கவில்லை. 2020ல் வந்த 'தி பெஸ்ட் ஆஃப் ரோரி கேலகர்' தொகுப்பைப் போட்டேன். இரண்டு சிடி, 30 பாடல். இளைஞராக 'டேஸ்ட்' என்ற மூவர் குழுவில் இருந்த காலம் முதல் 1990ல் வந்த கடைசி ஸ்டூடியோ ஆல்பம் வரை எல்லாக் காலத்திலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். கால வரிசையில் அடுக்கவில்லை. முதல் பாட்டு 1970ல் வந்தது, அடுத்தது 1978, அதற்கடுத்தது 1979, பிறகு சட்டென்று 1973க்குத் திரும்புகிறது. எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு ஆள் வயதாகி வயதாகிப் போவதைக் கேட்கிற மாதிரி இல்லாமல், முழு ஆளும் ஒரே நேரத்தில் எதிரில் வந்து நிற்கிறார்.

அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிந்தது. ஒரு பாட்டை மட்டும் ஹிட்டாக்குவதற்காகத் தனியாக எடுத்து 'சிங்கிள்' என்று வெளியிடுவதே இவருக்குப் பிடிக்காதாம். தொகுப்பின் முதல் பாட்டாக வருகிறதே, 'வாட்ஸ் கோயிங் ஆன்', அதை ஜெர்மனியில் அவர் சம்மதம் இல்லாமல் சிங்கிளாக வெளியிட்டார்கள். அங்கே அது நன்றாக ஓடியது. ஆனால் இவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. அதன் பிறகு தனியாகப் பாடிய காலம் முழுக்க சிங்கிள் வேண்டாம் என்றே நின்றார். ஹிட்டே வேண்டாம் என்று சொன்ன ஒருவருக்கு ஹிட் தொகுப்பு! அப்படியானால் இதில் இருப்பது என்ன? ரேடியோவில் ஓயாமல் ஓடித் தேய்ந்த பாட்டு ஒன்றும் இதில் இல்லை. அதனால்தானோ என்னவோ, முப்பதும் நேற்றுப் பதிவு செய்த மாதிரி இருக்கிறது.

உங்களிடம் இவர் எப்படி வந்து சேர்ந்தார்? எந்தப் பாட்டு? சொல்லுங்களேன்.

குமிழ்த்திருகி:

நான் கோயம்புத்தூர். வாரக் கடைசியில் சின்ன நிகழ்ச்சிகளுக்கு கிட்டார் வாசிப்பவன். எனக்கு இவர் வந்தது காது வழியாக இல்லை, கண் வழியாக. ஒரு கிட்டாரின் படம் பார்த்தேன். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று வடிவம் சொல்கிறது, ஆனால் பெயிண்டே இல்லை. வெறும் மரம், அதுவும் பழைய வீட்டுத் தூண் மாதிரி கை பட்டுப் பட்டுக் கறுத்த மரம். அங்கங்கே மட்டும், நடுவில் வெளிறி ஓரத்தில் கறுக்கும் பழைய சன்பர்ஸ்ட் நிறம் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1961ல் செய்த கிட்டார் அது. 1963ல் கார்க் நகரத்துக் கடையில் 100 பவுண்டுக்குத் தவணையில் வாங்கியிருக்கிறார். அப்போது அவருக்கு 15 வயது. பிறகு அது திருடு போய், பள்ளத்தில் மழையில் நனைந்து கிடந்து, மறுபடி கைக்கு வந்திருக்கிறது. அந்த மழையும் அவர் வியர்வையும் சேர்ந்துதான் பெயிண்டைத் தின்றுவிட்டன என்று சொல்வார்கள். சாகும்வரை அதை விடவில்லை. 2024 அக்டோபரில் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் அந்த கிட்டார் ஏறக்குறைய 9 லட்சம் பவுண்டுக்குப் போனது. வாங்கியவர்கள் அதை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுப்பதாகச் சொன்னார்கள். அந்தச் செய்தி படித்த அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துவிட்டது. யாரோ ஒருவர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் அது போயிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

சரி, தொகுப்புக்கு வருகிறேன். வாசிக்கிறவனுக்கு அது ஒரு பாடப் புத்தகம். இந்த மனிதர் காலுக்குக் கீழே ஒலியை மாற்றும் பெடல்களை வரிசையாக அடுக்கி வைத்து வாசித்தவர் இல்லை. ஆரம்ப காலத்தில் கிட்டார் ஒலியைப் பெருக்க ஒரு வாக்ஸ் ஏசி30 ஆம்ப், அதற்கு முன்னால் மேல் சுர ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்ன டிரெபிள் பூஸ்டர் பெட்டி, அவ்வளவுதான். 'குயீன்' குழுவின் பிரையன் மே இளைஞராக இருந்தபோது, நிகழ்ச்சி முடிந்ததும் காத்திருந்து இவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு அதே ஆம்ப், அதே பூஸ்டர் வழியில் போனார். பிரையன் மேயே பல தடவை சொல்லியிருக்கிறார்.

மற்றதெல்லாம் விரலில்தான். வலது கைச் சுண்டுவிரலை வால்யூம் குமிழில் வைத்துக்கொண்டு, தந்தியைத் தட்டும்போது ஒலியைச் சுத்தமாக இறக்கி, தட்டிய பிறகு மெல்லத் திறப்பார். தட்டிய சத்தமே கேட்காது, வயலினில் வில் போட்ட மாதிரி சுரம் மட்டும் எழும். நான் இதற்காக மூன்று மாதம் உட்கார்ந்தேன். சுண்டுவிரல் குமிழில் இருந்தால் மற்ற விரல்கள் நடுங்குகின்றன, மற்றவை நிதானமாக இருந்தால் குமிழ் நகர மாட்டேன் என்கிறது. இப்போது நாலு சுரம் வரை வருகிறது.

ஒரே ஒரு பாட்டு கேளுங்கள் என்றால் 'ஃபில்பி'யைச் சொல்வேன். மாஸ்கோவுக்கு ஓடிப்போன பிரிட்டிஷ் உளவாளி கிம் ஃபில்பியைப் பற்றிய பாட்டு. ஊர் ஊராகச் சுற்றும் பாட்டுக்காரன் வாழ்க்கையை உளவாளியின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார். நடுவில் கம்பி அதிர்ந்து ரீங்கரிக்கும் ஓர் ஒலி வரும். அது எலெக்ட்ரிக் சித்தார். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டிடம் இரவல் வாங்கி வாசித்தது. முதல் தடவை கேட்டபோது பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

வெம்பிளி வாசி:

தம்பிமாருக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணம். 84இல் லண்டனுக்கு வந்தனான். இரவில் பெட்ரோல் செட்டில் வேலை, பகலில் படிப்பு. என்னோடு வேலை செய்தவர் ஒரு ஐரிஷ்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊர்ப் பிரச்சினையைப் பற்றி அவரும் கதைப்பார், நானும் கதைப்பேன். அவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் ஆள். ஒருநாள் கதையோடு கதையாகச் சொன்னார்: குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்தில் பெல்ஃபாஸ்டுக்கு வந்து வாசிக்க வெளியூர்க் குழுக்கள் பயந்தார்கள், ரோரி மட்டும் விடாமல் வந்தான். அல்ஸ்டர் ஹாலுக்குள் கத்தோலிக்கப் பெடியன்களும் புராட்டஸ்டன்ட் பெடியன்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேட்டார்கள் என்று. அதைச் சொல்லும்போது அவருடைய குரல் மாறிப்போனது.

பிறகு அவரே டிக்கெட் எடுத்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். 80களின் கடைசி. எனக்கு அந்த இசை பற்றி ஒன்றும் தெரியாது. மேடைக்கு வந்தவர் ஒரு கட்டம் போட்ட சட்டை, ஜீன்ஸ். வேலைக்குப் போகிற ஆள் மாதிரியே இருந்தார், எங்களை மாதிரி. பேஸ் கிட்டாரில் ஜெரி மெகவாய், ஹார்மோனிகாவில் மார்க் ஃபெல்தம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வாசித்தார். அரைவாசியில் சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. நான் நின்ற இடத்தில் இருந்து பார்த்தால், கிட்டாரில் இருந்து வியர்வை சொட்டுவது வெளிச்சத்தில் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற என் கூட்டாளி ஒரு சொல் பேசவில்லை.

அந்தக் காலத்தில் நான் அவரின் ஆல்பம் ஒன்றும் வாங்கவில்லை. வாங்கக் காசும் இல்லை, ஊருக்கு அனுப்ப வேண்டும். பிறகு வேலை, கலியாணம், பிள்ளைகள் என்று போய்விட்டது. 2020 லொக்டவுனில் மகள்தான் இந்தத் தொகுப்பைப் போட்டாள். "அப்பா, நீங்க இவரைப் பாத்திருக்கிறீங்கள் எண்டு அம்மா சொல்றா, உண்மையே?" என்று கேட்டாள். இரண்டு பேரும் குசினி மேசையில் இருந்து முழுவதையும் கேட்டோம். 'எ மில்லியன் மைல்ஸ் அவே' வந்தபோது நான் எழும்பி யன்னல் பக்கம் போய்விட்டேன். ஹோட்டல் பார் நிறையச் சனம், பியானோக்காரர் வாசிக்கிறார், நடுவில் இருக்கிற இவர் மட்டும் எங்கேயோ தொலைவில் இருக்கிறார். அது அந்தப் பெட்ரோல் செட் இரவுகள் எல்லாம்.

தனித்தடம்:

எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். தொகுப்பு ஒரு கதவு, அவ்வளவுதான். அதிலேயே நின்றுவிட்டால் இந்த மனிதருக்கு அநியாயம் செய்கிறோம். அவர் மேடைக்காரர். 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மூன்று ஊர்களில் வாசித்ததிலிருந்து வந்த 'ஐரிஷ் டூர்' ஆல்பத்தைக் கேளுங்கள். வெம்பிளி அண்ணை சொன்ன அல்ஸ்டர் ஹால் அதில் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகு அதே பாட்டை ஸ்டூடியோவில் கேட்டால், புயலைப் போட்டோவில் பார்க்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் இந்தத் தொகுப்புக்காக நான் ஒரே ஒரு காரணத்துக்கு நன்றி சொல்வேன். அதுவரை வெளிவராத ஒரு பதிவை இதில் சேர்த்தார்கள். 1973ல் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் ஜெரி லீ லூயிஸ் லண்டனில் ஆல்பம் பதிவு செய்தபோது கேலகரும் கூட வாசித்தார். அப்போது இருவரும் சேர்ந்து ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாடிஸ்ஃபாக்ஷன்' பாடினார்கள். அது நாற்பத்தேழு வருஷம் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் அடுத்து நடந்தது. 1975 ஜனவரியில் அதே ஸ்டோன்ஸ், அவர்களின் கிட்டார் கலைஞர் மிக் டெய்லர் விலகிய இடத்துக்கு ஆள் தேடி, இவரை நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்கு அழைத்தார்கள். போனார், சில இரவுகள் கூட வாசித்தார். ஜப்பானில் அவருடைய சொந்த நிகழ்ச்சிகள் ஏற்கெனவே முடிவாகியிருந்தன. கிட்டாரை எடுத்துக்கொண்டு அங்கே கிளம்பிவிட்டார். உலகத்தின் மிகப் பெரிய ராக் குழு ஒரு பக்கம், டிக்கெட் வாங்கி வைத்திருந்த ஜப்பான் ரசிகர்கள் இன்னொரு பக்கம். அவர் எந்தப் பக்கம் போனார் என்பதை நினைத்துக்கொண்டு அந்த 'சாடிஸ்ஃபாக்ஷனை'க் கேளுங்கள்.

லீ நதிக்கரை:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கார்க் நகரத்தில் செவிலியர். நாகர்கோவில் பக்கம் ஊர். வந்து ஆறு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் கடைத்தெருவில் காய்கறிப் பையோடு நடக்கும்போது ஒரு சின்ன சதுக்கத்தில் வினோதமான சிற்பம் ஒன்றைப் பார்த்தேன். கிட்டார் உருகி வளைந்து ஓடுகிற மாதிரி இருக்கும். பெயர்ப் பலகையில் 'ரோரி கேலகர் ப்ளேஸ்' என்று இருந்தது. ஏதோ அரசியல்வாதி என்று நினைத்து நடந்து போய்விட்டேன்.

வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். நடை நன்றாகத் தளர்ந்துவிட்டது, பேச்சு மட்டும் குறையவில்லை. எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். "அப்படியானால் தினமும் ரோரியைத் தாண்டித்தானே வருகிறாய்?" என்றார். யார் என்று தெரியாது என்றதும் அவருக்கு மனசு வலித்துவிட்டது. மறுநாள் அவருடைய மகன் இந்தத் தொகுப்பின் சிடியைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். அப்பா சொன்னார், இதில் ஆறாவது பாட்டிலிருந்து தொடங்கச் சொன்னார் என்றார். 'ஐ ஃபால் அபார்ட்'. 1971ல் வந்த முதல் தனி ஆல்பத்துப் பாட்டு. மெதுவாக, ஏறக்குறைய பேசுகிற மாதிரித் தொடங்கி, கடைசியில் கிட்டார் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். டியூட்டி முடிந்து காருக்குள்ளேயே உட்கார்ந்து கேட்டேன். ஹீட்டரைப் போடக்கூட மறந்துவிட்டேன், கை விறைத்துப்போனது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலின்காலிக் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஆலிவர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவருடைய கல்லறைக் கல் சூரியன் கதிர் விரித்த மாதிரி இருக்கும். 'மெலடி மேக்கர்' பத்திரிகை வாசகர்கள் அவரை உலகின் சிறந்த கிட்டார் கலைஞராகத் தேர்ந்தெடுத்தபோது கிடைத்த விருதின் வடிவமாம். கல்லுக்குக் கீழே கிட்டார் தந்தியை மீட்டும் பிளெக்ட்ரம் வில்லைகள் மழையில் நனைந்து சிதறிக் கிடந்தன. சிவப்பு, வெள்ளை, ஒன்று ஆமை ஓட்டு நிறம். ஒன்றில் யாரோ பேனாவால் ஒரு தேதி எழுதியிருந்தார்கள், மை பாதி கரைந்திருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன்.

வைகைக்கரை:

எல்லாப் பதிவையும் இரண்டு தடவை படித்தேன். வெம்பிளி ஐயா, நீங்கள் யன்னல் பக்கம் போனதைப் படித்த பிறகு அந்தப் பாட்டை மறுபடி கேட்டேன். முதல் தடவை கேட்டது இந்தப் பாட்டுத்தானா என்று சந்தேகமாகிவிட்டது. தனித்தடம் சொன்னது சரி, இன்று 'ஐரிஷ் டூர்' எடுத்து வைத்திருக்கிறேன்.

நாளைக்கு எனக்கு வார விடுப்பு. அண்ணன் மகன் பன்னிரண்டாவது படிக்கிறான், கிட்டார் வாங்கித் தரச் சொல்லி ஆறு மாதமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இந்த முப்பது பாட்டையும் போட்டுக் காட்டப் போகிறேன். குமிழ்த்திருகி, கோயம்புத்தூரில் பழைய ஸ்ட்ராட் நல்லதாக எங்கே கிடைக்கும்? கொஞ்சம் கீறல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை.

குமிழ்த்திருகி:

என்னிடமே ஒன்று இருக்கிறது அண்ணா. நான் முதலில் கற்றுக்கொண்டது. கீறல் நிறைய உண்டு, கழுத்து நேராக இருக்கிறது. தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், வாசித்துப் பார்க்கட்டும்.