பெரிய வீட்டுக் குழு: வள்ளி அனுப்பிய பனியாறு

வள்ளி: ஐயா, அப்பத்தா, எல்லோருக்கும் வணக்கம். சுவிட்சர்லாந்தில் எக்கிஸ்ஹார்ன் மலைமேல் நிற்கிறோம். கீழே தெரிவது அலெட்ச் பனியாறு. ஆல்ப்ஸ் மலைகளிலேயே இதுதான் பெரியது.

(படங்கள்)

அப்பத்தா: நடுவில் கறுப்பாக நீளக் கோடுகள் ஓடுகின்றனவே, கண்டாங்கிச் சேலைக்குக் கரை வைத்ததுபோல. அது என்ன?

வள்ளி: கல்லும் மண்ணும் அப்பத்தா. மேலே கான்கார்டியா என்ற இடத்தில் பல பனி ஓடைகள் ஒன்று சேர்கின்றன. ஒவ்வொன்றும் தன் ஓரத்து மலையிலிருந்து உதிர்ந்த கல்லைச் சுமந்து வருகிறது. இரண்டு ஓடைகள் ஒட்டும்போது ஓரத்தில் இருந்த கல் நடுவுக்கு வந்துவிடுகிறது. பிறகு அந்த வரிசை கலையாமல் கீழே வரைக்கும் வருகிறது.

லட்சுமணன்: எவ்வளவு நீளம் ஆச்சி?

வள்ளி: சுமார் 20 கிலோமீட்டர். நம் காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற தூரம் என்று வைத்துக்கொள். அவ்வளவும் பனிக்கட்டி. கான்கார்டியாவில் ஆழம் மட்டும் சுமார் 800 மீட்டர்.

லட்சுமணன்: ஆறு என்கிறீர்கள். படத்தில் அசைவே இல்லையே.

வள்ளி: அசைகிறது, கண்ணுக்குத் தெரியாது. உச்சியில் விழும் பனி கோடையிலும் முழுதாகக் கரைவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு அடுக்காகிறது. மேலடுக்கின் கனத்தில் கீழே உள்ளது காற்றை இழந்து இறுகிப் பனிக்கட்டியாகிறது. பிறகு தன் கனத்தாலேயே சரிவில் இறங்குகிறது. வேகமான இடங்களில் ஆண்டுக்கு 200 மீட்டர் வரைக்கும் நகருமாம்.

மீனாள் அத்தை: வள்ளி, அடுத்த ஜூனில் நாங்கள் வருகிறோம் அல்லவா? யுங்ஃப்ராவ்யோக் போகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நீ ஏன் அங்கே போகவில்லை?

வள்ளி: நேற்றே போய்விட்டோம் அத்தை. 3,454 மீட்டர் உயரத்தில் ரயில் நிலையம்! 1896இல் வேலை தொடங்கி, மலையைக் குடைந்து, 1912இல் திறந்திருக்கிறார்கள். அந்தச் சுரங்கத்துக்காகவே ஒருமுறை போகலாம். ஆனால் அங்கே நின்றால் பனியாற்றின் தலைப்பகுதிதான் கண்முன் இருக்கும். அது வளைந்து இறங்கும் அழகு முழுதாகத் தெரிய இங்கேதான் வர வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் இதற்கு வாருங்கள்.

மீனாள் அத்தை: என் முழங்கால் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

வள்ளி: ஏறவே வேண்டாம். ஃபீஷ் ஊரில் ரயிலை விட்டு இறங்கியதும் பக்கத்திலேயே ரோப் கார். நடுவில் ஃபீஷர்ஆல்ப்பில் ஒருமுறை மாற வேண்டும். மேல் நிலையத்திலிருந்தே பனியாறு தெரிகிறது. ஜூன் என்றாலும் கம்பளிச் சட்டை, கறுப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. மேகம் மூடினால் ஒன்றுமே தெரியாது. அதனால் காலையில் மலைமேல் இருக்கும் கேமராப் படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

ஐயா: ஆத்தா வள்ளி, மூன்றாவது படத்தில் இருக்கும் மரம் என்ன மரம்?

வள்ளி: அலெட்ச் காட்டில் எடுத்தது ஐயா. ஆரோலா பைன். சில மரங்களுக்குப் பல நூறு வயது. 1933இலிருந்து அந்தக் காட்டைப் பாதுகாக்கிறார்கள். காக்கை இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை குளிர்காலத்துக்காக இதன் விதைகளை மண்ணில் புதைத்து வைக்கிறது. அது எடுக்காமல் விட்ட விதைதான் மரமாக முளைக்கிறது.

ஐயா: அடடா. நம் வீட்டுத் தேக்குத் தூண்களைத் தடவித் தடவி வளர்ந்தவன் நான். அந்த மரங்களைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

வள்ளி: உங்களுக்காகவே ஒரு செய்தி வைத்திருக்கிறேன் ஐயா. 1678இல் ஃபீஷ் ஊர்க்காரர்கள் ஒரு நேர்ச்சை செய்திருக்கிறார்கள். அப்போது பனியாறு வளர்ந்துகொண்டே வந்தது. அதன் ஓரத்தில் மேர்யெலன் என்று ஒரு ஏரி. பனி அணைபோல் அடைத்திருக்கும். அது உடைத்துக்கொண்டால் வெள்ளம் ஊருக்குள் பாயும். அதனால் ‘பனி வளரக் கூடாது’ என்று வேண்டிக்கொண்டார்கள். பின்னால் ஆண்டுதோறும் ஊர்வலமும் நடந்தது.

அப்பத்தா: வேண்டுதல் பலித்ததா?

வள்ளி: அதுதான் கவலை, அப்பத்தா. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பனியாறு சுருங்கிக்கொண்டே வருகிறது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. அதனால் நேர்ச்சையை மாற்றிக்கொள்ள வத்திக்கானில் அனுமதி கேட்டார்கள். 2010இல் அனுமதி கிடைத்தது. இப்போது ‘பனியாறே, குறையாதே’ என்று வேண்டுகிறார்கள்.

லட்சுமணன்: படிக்கும்போதே மயிர்க்கூச்செறிகிறது.

வள்ளி: கான்கார்டியாவில் மலையேறுபவர்கள் தங்க 1877இல் ஒரு குடில் கட்டினார்கள். அன்று பனிக்கு 50 மீட்டர் மேலே இருந்தது. பனி தாழ்ந்துபோனதால் இன்று அந்தக் குடிலை அடைய நானூறுக்கு மேற்பட்ட இரும்புப் படிகள் ஏற வேண்டும். வெப்பம் இப்படியே கூடினால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் பனியாறு ஏறக்குறைய முழுதும் போய்விடும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மேடையில் நின்று அதைப் பார்க்கும்போது அழுகை வந்துவிட்டது ஐயா.

மீனாள் அத்தை: பனி போனால் அந்த ஊர்க்காரர்கள் தண்ணீருக்கு என்ன செய்வார்கள்?

வள்ளி: சரியான கேள்வி அத்தை. இதிலிருந்து மாஸா என்ற ஆறு புறப்பட்டு ரோன் நதியில் சேர்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் மழை குறைவு. கோடையில் பனி உருகும் நீரைத்தான் நம்பியிருக்கிறார்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே செங்குத்தான பாறைச் சரிவில் மரப் பலகையைத் தொட்டிபோல் தொங்கவிட்டு வாய்க்கால் இழுத்து, வயலுக்குக் கொண்டுவந்தார்கள். யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று மரக்கட்டையில் வீட்டுக்குறி செதுக்கி வைத்துக்கொள்வார்களாம்.

ஐயா: முறைத் தண்ணீர்! நம் கண்மாயில் நீர் பாய்ச்சுகிறவர் மடை திறந்து பங்கு வைத்ததும் அதே கணக்குத்தான். என் அப்பச்சி காலத்தில் ஒரு மடைக்குக்கூடச் சண்டை வந்ததில்லை என்பார்கள். ஆத்தா, அந்த மரக்கட்டையை எங்கேயாவது பார்த்தால் எனக்குப் பெரிதாக ஒரு படம் எடுத்து அனுப்பு. குறி தெளிவாகத் தெரிய வேண்டும்.

வள்ளி: நாளை ஒரு பழைய வாய்க்கால் ஓரமாக நடக்கப் போகிறோம் ஐயா. கேட்டுப் பார்த்து அனுப்புகிறேன்.

ஐயா: லட்சுமணா, நம் ஊருணிக்கு வரும் வரத்துக்காலில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மழைக்கு முன்னால் ஆள் பார்க்க வேண்டும். நாளைக் காலை என்னோடு வா.

லட்சுமணன்: சரி ஐயா. ஆறு மணிக்கு வண்டியோடு வாசலில் நிற்கிறேன்.

மீனாள் அத்தை: வள்ளி, அந்த ஃபீஷ் ஊரில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

வள்ளி: உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் எங்கேயும் உண்டு அத்தை. பருப்புப்பொடியும் மாவடுவும் எடுத்து வாருங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.