நினோ வக்கரெல்லா: பள்ளிக்கூடமும் பந்தயக் காரும் – உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

பலெர்மோ பெடியன்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகும் எங்கட ஆட்கள் நிறையப் பேர். நான் வேலை பார்த்த ஒரு வீட்டுப் பெரியவர், கார்ப் பந்தய ஓட்டுநர் நினோ வக்கரெல்லாவின் பள்ளிக்கூடத்தில் படித்தவர். குடும்பப் பள்ளிக்கூடம் அது. தகப்பன் காலமானதும் பொறுப்பு மகன் தலையில் விழுந்தது. சட்டம் படித்த மனுசன், கிழமை நாட்களில் பள்ளியைப் பார்ப்பார், நேரம் கிடைத்தால் ஃபெராரியில் ஏறிவிடுவார். 'பறக்கும் தலைமையாசிரியர்' என்று ஊர் பெயர் வைத்துவிட்டது. சிசிலி மலை ரோடுகளில் நடக்கும் தார்கா ஃப்ளோரியோ கார்ப் பந்தயம் முடிந்த மறுநாள் வகுப்பில் ஒரு பெடியனும் பாடத்தைக் கவனிக்க மாட்டானாம்.

பெரியவர் ஒருநாள் கொல்லெசானோவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். மடோனியே மலைப்பக்கத்து ஊர். அந்தப் பந்தயத்துக்கென்று தனி மைதானம் எதுவும் கிடையாது. கழுதையும் பாரவண்டியும் போகிற அதே ரோட்டில்தான் ஓட்டம். ஒரு சுற்று 72 கிலோமீட்டர், மலையேறி, ஊர்களுக்குள் புகுந்து, கடலோரம் இறங்கித் திரும்ப வேண்டும். கார்களை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். அதனால் கண்ணுக்கு முன்னால் போகிறவன்தான் முதலாவது என்று நினைத்துவிட முடியாது, கடிகாரத்தைத்தான் கேட்க வேண்டும்.

கொல்லெசானோ தெருவில் நின்று பெரியவர் தன் கைத்தடியைச் சுவரிலிருந்து குறுக்கே நீட்டிக் காட்டினார். 'இவ்வளவுதான் இடம். இதற்குள் நின்றுதான் பார்த்தோம்.' வாசற்படியில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்களாம், காரின் சூடு முகத்தில் அடிக்குமாம். 'வீவா நினோ' (நினோ வாழ்க) என்று சுவரில் எழுதாத ஊர் இந்தப் பக்கம் இருந்ததில்லை என்றார்.

1967இல் இதே ஊருக்குள்தான் வக்கரெல்லாவின் ஃபெராரி 330 பி4 மோதி நின்றது. இரண்டு வருடம் முன்பு, 1965இல், லொரென்ஸோ பண்டினியோடு சேர்ந்து அவர் இந்தப் பந்தயத்தை வென்றிருந்தார். அந்தப் பண்டினி மொனாக்கோவில் கார் தீப்பிடித்து இறந்துபோய் அப்போது நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதைச் சொல்லும்போது பெரியவருக்குக் குரல் அடைத்துவிட்டது.

வடக்குவளைவு

நல்ல பதிவு. ஆனால் கொஞ்சம் மாற்றிப் பேசட்டுமா? பார்முலா ஒன்னில் வக்கரெல்லா தொடங்கியது மொத்தம் நான்கு பந்தயம், ஒரு புள்ளிகூட இல்லை. 1965இல் இத்தாலியின் மான்சா பந்தயத் தடத்தில் ஃபெராரியே கார் கொடுத்தும் பன்னிரண்டாவது இடம். அதே மான்சாவில் பார்முலா ஒன் உலகச் சாம்பியன் அஸ்காரி பெயரில் ஒரு வளைவே இருக்கிறது. நான் போனபோது கூட வந்த இத்தாலி நண்பர்கள் அஸ்காரியைப் பற்றி நிறுத்தாமல் பேசினார்கள். வக்கரெல்லா பெயரை எடுத்ததும் 'ஓ, சிசிலிக்காரர்' என்றதோடு சரி. சொந்த ஊர் ரோடு மனப்பாடம் என்பதால் வென்றவர் என்றுதான் எனக்குப் படுகிறது.

பழைய டயர்

தம்பி, பார்முலா ஒன்னை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்தக் காலத்து ஓட்டுநர்களில் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். நீங்கள் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் வடக்கு வளைவு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில்தானே இருக்கிறது? 1964இல் அங்கே 1000 கிலோமீட்டர் பந்தயத்தை ஸ்கார்ஃபியோட்டியோடு வென்றவர் யார்? இவர்தான். அடுத்த மாதமே ஜான் கிஷேயோடு பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயமும் வென்றார். 1970இல் அமெரிக்காவில் செப்ரிங் பந்தயம், கூட ஓட்டியவர்கள் ஜியுந்தியும் மரியோ ஆண்ட்ரெட்டியும். இதெல்லாம் பலெர்மோ ரோடா?

மனப்பாடம் என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். 72 கிலோமீட்டரை மனப்பாடம் செய்து பாருங்கள். 1970 தார்காவில் அவருக்குக் கிடைத்தது ஃபெராரி 512எஸ். ஐந்து லிட்டர் எஞ்சின், கனமான உடம்பு, நேர் ரோட்டுக்கென்று செய்தது. போர்ஷே கொண்டுவந்ததோ 908/3, இந்த மாதிரி ரோட்டுக்காகவே இளைத்து இளைத்துச் செய்த குட்டிக் கார். அந்த யானையை ஆட்டுப்பாதையில் ஓட்டி மூன்றாவது வந்தார். என்னைக் கேட்டால் அவர் வென்ற மூன்று தார்காக்களையும்விட இதுதான் பெரிது.

1971இல் கணக்குத் தீர்ந்தது. ரெட்மன், ரோட்ரிகஸ் இரண்டு பேரின் போர்ஷேயும் முதல் சுற்றிலேயே மோதி வெளியேறின. ரெட்மனுக்குத் தீக்காயம். வக்கரெல்லாவும் ஹெசமன்ஸும் ஓட்டிய ஆல்ஃபா ரோமியோ முதலில், இன்னொரு ஆல்ஃபா இரண்டாவது. அதிர்ஷ்டம் என்பீர்கள். இருக்கட்டும், அந்த ரோட்டில் கடைசிவரை நிற்பதே பாதி வேலை. மூன்றாவது வெற்றி 1975இல், மெர்சாரியோவோடு. அப்போது அவருக்கு வயது 42. உலகச் சாம்பியன்ஷிப் பட்டியலிலிருந்து தார்காவை எடுத்துவிட்டிருந்தார்கள், உள்ளூர்க்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வடக்குவளைவு

லெ மானை நான் கணக்கில் எடுக்கவில்லை, சரி. ஆனாலும் அஸ்காரி அஸ்காரிதான் அண்ணே. பலெர்மோ பெடியன், இப்போது அந்த ரோட்டில் போக முடியுமா?

பலெர்மோ பெடியன்

போகலாம், ஆனால் ரோடு பல இடத்தில் மோசம், குழி பார்த்து ஓட்டுங்கோ. செர்தாவுக்குப் பக்கத்தில் பந்தயக் கார்களைப் பழுது பார்த்த பழைய பிட் கட்டடமும் பார்வையாளர் மேடையும் ரோட்டோரத்திலேயே நிற்கின்றன, காரை ஓரம்கட்டி இறங்கிப் பார்க்கலாம். கொல்லெசானோவில் தார்கா அருங்காட்சியகம் இருக்கிறது. மத்தியானத்தில் ஊரே கதவைச் சாத்திவிடும், காலையிலேயே போய்விடுங்கோ.